ஹார்ன் இல்லாமல் முருகன்குறிச்சி வரை

காபியை முதலில் குடியுங்கள் டீச்சர். காரை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிப்போய்விடாது. போன வாரம் வரைக்கும் ஓடவே இல்லை, அதுதானே பிரச்சினை.

இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சர்க்கரை போதுமா என்பதற்கு மட்டும் தலையாட்டுங்கள். சரி.

கோவில்பட்டியிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். முழு உண்மையையும் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. நான் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னால் சிஸ்டர் பெர்னதெத் கையில் சாக்பீஸைக் கொடுத்து, இனிப் பொய் சொல்ல மாட்டேன் என்று போர்டு நிறைய எழுத வைப்பார். இங்கிலீஷில், சாய்வெழுத்தில். அதனால் பொய் சொல்வதில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அது வேறு.

முதல் உண்மை, விளம்பரம் போட்டது நான் இல்லை. இவர். என் வீட்டுக்காரர், தாணுலிங்கம். உள்ளேதான் இருக்கிறார், வர மாட்டார், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் போன் செய்து, மெரூன் கலர் கார் இன்னும் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அப்போதுதான் என் கார் விற்பனைக்கு வந்திருப்பதே எனக்குத் தெரியும். விளம்பரத்தில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார் மகாராசன். போனில் யாரோடும் பேசப் பிடிக்காது அவருக்கு. என் காரை விற்க என்னையே பேச வைக்கிற ஆள்.

என் கார் என்று ஏன் சொல்கிறேன் என்றால் அது என் கார். அப்பா போன பிறகு எனக்கு வந்ததில் வாங்கினது. நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவன் மூன்றாம் நாளே கை எடுத்துக் கும்பிட்டான், நன்றாக ஓட்டுகிறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆறு வருஷம், யாரிடமும் கொண்டுபோய் விடுங்கள், வந்து கூப்பிடுங்கள் என்று கெஞ்சியதில்லை. கார் போனால் என்ன ஆகும்? ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி ஸ்கூட்டர் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு, இவர் இருபதில் போவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படுவான். நான் அதற்கு மாட்டேன்.

இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லையே நீங்கள். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் இருக்கிறவர்களை வாயில் விரல் வைத்து அடக்குகிற வேலை. முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லோரும் கப்சிப். எங்கள் வீட்டில் சிவப்பு விளக்கு கிடையாது. அதனால் நான் பேசுகிறேன்.

சரி, காருக்கு வருகிறேன்.

பங்குனியில் ஆரம்பித்தது. நல்ல உச்சி வெயிலில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டி, மூச்சை விட்ட மாதிரி நின்றுவிடும். சாவியைத் திருகினால் கர்ர் கர்ர் என்று சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் கழித்துத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். எங்கள் மெக்கானிக் இசக்கிமுத்துவிடம் கொண்டுபோனால், அவன் ஷெட்டில் அது கான்வென்ட் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அவனும் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றினான். பிளக்கை மாற்றினான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். பேட்டரியைச் சுரண்டினான். கடைசியில் என்னை மாற்றலாமா என்று பார்த்தான். "வண்டி நல்லாத்தான் இருக்குக்கா. நீங்க கிளச்ச விடுத விதத்துல ஆஃப் ஆகிருக்கும்."

நான் கிளட்ச் விடுகிற விதம். ஆறு வருஷமாக விடுகிறேன், பங்குனியில்தான் தப்பாகிப்போனதாம்.

இவர் கூட இருக்கும்போதும் நாலு தடவை நின்றது. நான் சாவியைத் திருகுவேன், என்ன சனியன் இது என்று ஆரம்பிப்பேன், உடனே இவர் கையை இப்படி உயர்த்துவார். வடிவு, சத்தம் போடாத என்பார். நடுரோட்டில் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறேன், இவருக்கு அக்கம்பக்கம் கேட்கக்கூடாது என்ற கவலை. மானஸ்தர். நாலாவது தடவை அதையும் மாற்றி, சத்தம் வரல வடிவு என்றார். அன்றைக்கு எனக்குத் தொண்டைக்கட்டு டீச்சர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அதைக் குத்திக் காட்டுகிறாரே மனுஷன் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. தொண்டையும் சரியாகவில்லை, அதனால் பெரிய கஷ்டமாக இல்லை.

அதற்கு மறுவாரம்தான் விளம்பரம். உங்கள் போனை வைத்துவிட்டு நேரே போய்க் கேட்டேன், என் காரை விற்க நீங்கள் யார் என்று. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வெயில்ல, நடுரோட்ல, நீ தனியா நிக்கது சரிப்படாது வடிவு" என்றார். அவ்வளவுதான். கேட்டீர்களா, சரிப்படாதாம். பெண்பிள்ளை கார் ஓட்டுவது சரிப்படாது என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் பாருங்கள். நான் வாய் ஓயாமல் ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதுதானே அவர் தொழில். ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவது நிச்சயமாகிவிட்டது. ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்று சொல்ல எனக்கும் காரணம் இல்லை. அதுதான் எரிச்சல்.

வியாழக்கிழமை. இன்றைக்கு மூன்று நாள் முன்னால்.

அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு நேரடி ஒலிபரப்பு. போக வேண்டியவருக்குக் காய்ச்சல், இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஸ்கூட்டர் டயரில் ஆணி. ஆட்டோ பிடிக்கிறேன் என்றார். நான் விடவில்லை. உட்காருங்கள், கார் இன்னும் விற்கவில்லையே என்றேன். டவுனிலிருந்து முருகன்குறிச்சியில் இருக்கிற நிலையத்துக்குக் கிளம்பினோம். ஈரடுக்கு மேம்பாலம் தெரியும் அல்லவா, மேல்தட்டு, சரியாக உச்சியில், பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, வண்டி மூச்சை விட்டது.

பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் திருநெல்வேலி முழுவதும். ஆளாளுக்கு ஹார்ன். கண்டக்டர் ஒருவர் இறங்கி வந்து, யக்கா பெட்ரோல் இருக்கா பாத்தியளா என்றார். பெட்ரோல் இருக்கு, உமக்குப் பொறுமை இருக்கா பாத்துட்டு வாரும் என்றேன். ஒரு ஆட்டோக்காரன் பெண்பிள்ளைகள் வண்டி எடுப்பதைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னான். அவனுக்கு நான் சொன்ன பதில் கான்வென்ட்டில் சொல்லித்தந்தது இல்லை. பாலத்தின் கீழ்த்தட்டில் போனவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். சரி, அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

ஏழு நிமிஷம் இப்படிப் பேசியதில் நாக்கு வறண்டுவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து இவர் கையை நீட்டிச் சாவியைப் பாதி திருகினார்.

"பாத்தியா. சத்தம் வரல."

என்ன சத்தம் என்று கேட்க வேண்டும். வாயில் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணை மட்டும் உருட்டினேன். அவர் அந்த அவகாசத்தில் சொல்லி முடித்துவிட்டார். சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் ரெண்டு செகண்ட் ம்ம்ம் என்று ஒரு முனகல் வருமாம், நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி. வண்டி வாங்கின நாளிலிருந்து வருமாம். நின்றுபோகிற நேரத்தில் மட்டும் அது வருவதில்லையாம். நாலு தடவையும் அதைத்தான் சொன்னாராம்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் முனகல் வரவில்லை என்று சொன்னால் போதுமா டீச்சர், அது எதனுடைய முனகல் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டாமா? தண்ணீரை விழுங்கினேன், இசக்கிக்குப் போன் போட்டேன். பின் சீட்டுக்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெட்ரோல் பம்பு என்றான். அது பேசவில்லை என்றேன். "அப்ப பம்பு போச்சுக்கா. டேங்கக் கழட்டணும். அங்கனயே நில்லுங்க, இழுத்துட்டு வர வண்டி அனுப்புதேன்."

அங்கேயே நிற்கவாம். பாலத்தின் உச்சியில். பன்னிரண்டு நாலு.

நான் கேட்டேன், பம்பு போயிருந்தால் அரை மணி நேரத்தில் எப்படித் திரும்பி வரும், செத்தவன் எழுந்து வருவானா என்று. அதானேக்கா என்றான். பம்புக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்று கேட்டேன். ரிலே வழியா என்றான்.

ரிலே. அந்த வார்த்தை எனக்குப் பழக்கம். பத்தாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் ஆணியில் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் மாட்டி, குண்டூசிகளைத் தூக்கிக் காட்டினார். சின்னக் கரண்ட் ஒரு தகட்டை இழுக்கும், அந்தத் தகடு பெரிய கரண்டுக்குக் கதவைத் திறக்கும், அதுதான் ரிலே என்றார். எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் பள்ளி விளையாட்டு விழாவில் ரிலே ஓட்டத்தில் மூன்றாவது ஆள் நான். நாலு பேரும் நன்றாக ஓடுவோம், குச்சி கை மாறுகிற இடத்தில்தான் தோற்போம். அந்த வருஷமும் தோற்றோம். நாலாவது ஆள் ஹெலன், அவள் வாங்கிய விதம் அப்படி. நான் சரியாகத்தான் கொடுத்தேன், முப்பத்தைந்து வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, பம்பு ஓடத் தயார். பேட்டரி கொடுக்கத் தயார். நடுவில் குச்சி விழுகிறது. சூடு ஏறினால் விழுகிறது, ஆறினால் பிடித்துக்கொள்கிறது. இதற்கு டேங்கைக் கழற்றுவானேன்?

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். பானெட்டைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, மூடியில் கட்டம் கட்டமாகப் படம், பொடி எழுத்து இங்கிலீஷ். இசக்கிக்கு அந்தப் படம் வேண்டாம், எனக்கு அது போதும். ஃபியூவல் பம்ப் என்று ஒரு கட்டம். ரெண்டு கட்டம் தள்ளி ஹார்ன். உங்கள் ஊர்க் கடலைமிட்டாய்த் துண்டு அளவுதான் இருக்கும் அந்த ரிலே. கறுப்பு, நாலு கால். பம்பு ரிலேயைத் தொட்டேன், தோசைக்கல். ஹார்ன் ரிலே வெதுவெதுப்பு. ரெண்டின் முதுகிலும் ஒரே நம்பர்.

போனில் இசக்கியிடம் நம்பரை வாசித்தேன். ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாமா என்று கேட்டேன். நம்பரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். அப்புறம், "போடலாம்க்கா. ஆனா ஹார்ன் அடிக்காதே, எப்டி வருவிய?" என்றான்.

"நான் இருக்கேன்லா" என்றேன்.

சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் பல் பிடுங்குகிற மாதிரி வருகிறது. இதை அங்கே, அதை இங்கே. உள்ளே வந்து உட்கார்ந்தேன். இவர், வடிவு, சாவியை மெதுவாத் திருப்பு, கேக்கணும் என்றார். எப்படிக் கேட்கும், பின்னால் ஊரே ஊதிக்கொண்டிருக்கிறது. நான் மறுபடி இறங்கிப் போய் பஸ் டிரைவரைப் பார்த்து, அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு செகண்ட், ஒருத்தரும் ஹார்ன் அடிக்கக் கூடாது என்றேன். அசெம்பிளியில் வரிசையை நேராக்குகிற குரல் ஒன்று என்னிடம் உண்டு, அதில் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் இருக்கிறவர்களை அடக்கினார். அவர்கள் தங்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களை. அப்படியே பாலம் முழுக்க அடங்கிக்கொண்டே போனது.

சாவியைத் திருகினேன். இவர் கையை உயர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்.

ம்ம்ம்.

அய்யோ டீச்சர். ரெண்டு பிள்ளைகள் பெற்றேன், ரெண்டும் பிறந்த உடனே அழுதது, அப்போதுகூட நான் இப்படிச் சிரித்ததில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன், வண்டி பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

பன்னிரண்டு பதினொன்று. கையில் பத்தொன்பது நிமிஷம், ஹார்ன் இல்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, நம் ஊரில் பிரேக் இல்லாமல்கூட ஓட்டிவிடலாம். பாலத்திலிருந்து ஜங்ஷனில் இறங்கினதும் முதல் ஆள் குறுக்கே வந்தார், காதில் போன். வழக்கம்போல ஹார்னை அழுத்தினேன், டிக் என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே விட்டேன். "ஏ நீலச்சட்டை, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" துள்ளி ஓரத்துக்குப் போனார். அடுத்து ஒரு மாடு. மாட்டிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அதுவும் போனது.

ஆனால் என் பக்கம் வலது பக்கம்தானே. இடது பக்கத்துக்கு யார்? சொன்னேன், உங்கள் பக்கம் நீங்கள் பாருங்கள் என்று. அவர் என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பிறத்தியாரை அடக்கினவர். மெதுவாகக் கண்ணாடியை இறக்கினார். தொண்டையைச் செருமினார், மைக் சோதிக்கிற மாதிரி. தலையை இவ்வளவே இவ்வளவு வெளியே நீட்டி, "தயவுசெய்து வழிவிடவும்" என்றார்.

செய்தி வாசிக்கிறார் டீச்சர். ரோட்டில் போகிறவனுக்கு.

யாரும் விடவில்லை. கொக்கிரகுளம் பாலத்தில், சற்று விலகிக்கொள்ளவும் என்றார். பையைப் பிடித்திருந்த ஒரு அம்மாள், என்ன சார் வேணும் என்று வண்டியோடு கூடவே நடந்து வந்து கேட்டாள். எனக்குச் சிரிப்பில் கியர் மாறவில்லை. பன்னிரண்டு பதினெட்டு. வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஒரு ஷேர் ஆட்டோ, இடது பக்கத்திலிருந்து, ஆள் ஏற்றுகிறவன் எங்களைப் பார்க்காமல் அப்படியே மூக்கைத் திருப்பிக்கொண்டு வருகிறான். என் பக்கத்திலிருந்து கத்தினால் அவனுக்குக் கேட்காது. நான் பிரேக்கை மிதிக்கிறேன், இவர் இடுப்பு வரைக்கும் வெளியே போய்விட்டார்.

"ஏலேய் செத்த மூதி! ஒதுங்குல!"

ஆட்டோ நின்றது. ரவுண்டானா நின்றது. டிராபிக் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் டீச்சர், இந்த மனுஷன் வயிற்றுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவரை யார் பிடிக்க. முருகன்குறிச்சி வரைக்கும் ஒருத்தனையும் விடவில்லை. ஒதுங்கி நின்றவனைக்கூட ஒதுங்கச் சொன்னார். முகம் சிவந்து, இருக்கிற நாலு முடியும் நட்டுக்கொண்டு, சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். வலது பக்கம் நான், இடது பக்கம் அவர்.

நிலைய வாசலில் பன்னிரண்டு இருபத்தைந்து. இறங்கினவர் உடனே போகவில்லை. ஜன்னலில் குனிந்து நின்றார். நான் வண்டியை அணைக்கவில்லை, பயம்தான். வித்துரலாமா என்று கேட்டேன். நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவரைக்கும் திட்டத்தான் செய்திருக்கிறேன்.

"வண்டி ஒன்னுது" என்றார், காற்றுதான் வருகிறது, குரல் இல்லை. "நீ வெயில்ல நிக்கப்பிடாதுன்னு பாத்தேன். இனி நிக்க மாட்டேல்லா. டீச்சர் வந்தா நீயே சொல்லிரு. எனக்குத் தொண்டை போச்சு."

ஓடிப்போய்விட்டார். இன்னும் அந்தத் தொண்டை வரவில்லை, அதுதான் உள்ளே சுக்குத் தண்ணீரோடு இருக்கிறார். நாம் பேசுகிறது ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்கும், சந்தேகமே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இசக்கி புது ரிலே போட்டான். பழசை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து காட்டினான். உள்ளே ஈயம் வைத்த இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல், சுற்றிலும் கருகல். இம்புட்டுதானாக்கா என்றான். கிளட்சைப் பற்றி ஏதோ சொன்னாயே என்று கேட்டேன், காது கேட்காத மாதிரி ஸ்பேனர் தேடப் போனான். அன்றைக்கும் நேற்றும் பன்னிரண்டு மணிக்கு வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு தாழையூத்து வரை போய் வந்தேன். ஒரு வேலையும் இல்லை. சும்மா. எல்லா இடத்திலும் ஹார்ன் அடித்தேன்.

என்ன கேட்டீர்கள்? சார்தானே கண்டுபிடித்தார் என்றா? சார் எங்கே கண்டுபிடித்தார். அவருக்குக் கேட்டது, அவ்வளவுதான். என் வாயில் தண்ணீர் இருந்தது, அதுவும் அவ்வளவுதான். நீங்களும் இவர் கட்சியா?

ஆகையால் டீச்சர், கார் விற்பனைக்கு இல்லை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம், நியாயம்தான், ஆனால் போனில் சொன்னால் இவ்வளவும் எப்படிச் சொல்வது. உங்களுக்குக் கார் பார்த்துத் தருவது என் பொறுப்பு. இசக்கியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், விற்கிறவனைப் பேசவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வண்டியைக் கேளுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறதா? நடக்கவா போகிறீர்கள், இந்த வெயிலிலா? வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நானே கொண்டுவிடுகிறேன், வாருங்கள். ஏறுங்கள். கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்கள். ஆ, அப்படி.

இப்போது சாவியைப் பாதி திருகப்போகிறேன். ரெண்டு செகண்ட். நீங்களும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்.

கேட்டதா டீச்சர்? எனக்கும் கேட்டது.